செயின் லாக்

எழுமலை தாண்டியதும்
டீக்கடைகள் தீர்ந்துபோயின.
மல்லப்புரத்தில் கடைசி வீட்டு நாய்
கொஞ்ச தூரம் துரத்தி வந்து
தன் எல்லை தெரிந்து நின்றுகொண்டது.
எங்களுக்குத் தெரியவில்லை.

முன்னால் பிலோமினா,
பெரியாஸ்பத்திரியில் மூன்று இரவு நின்ற கால்களோடு.
அடுத்து சிக்கந்தரின் புல்லட்.
பின்சீட்டில் தண்ணீர் கேன், தார்ப்பாய்,
எங்களிடம் சொல்லாமல் அவன் கட்டிக்கொண்டு வந்த
ஒரு தலையணை.
அதற்கும் பின்னால் துளசிராம்.
அவனுடைய ஆர்எக்ஸ் ஹன்ட்ரட்
என்னைவிட மூன்று வயது மூத்தது.
கடைசியில் நான்.
கடைசியில் போகிறவன் வேலை எண்ணுவது.
மூன்று சிவப்பு விளக்கு. வளைவு.
மூன்று. வளைவு. மூன்று.

தார் இருந்ததற்கு அடையாளமாய்
ஓரத்தில் மட்டும் கருப்பாய் ஒரு விளிம்பு.
மற்றதெல்லாம் கல்.
உருளும் கல், உருளாத கல்,
உருளாதது மாதிரி இருந்து உருளும் கல்.
ஹேண்டில்பாரை இறுக்காதே என்பார்கள்,
வண்டிக்கு வழி தெரியும் என்பார்கள்.
என் வண்டிக்குக் கோரிப்பாளையம் சிக்னல்தான் தெரியும்.

எட்டாவது வளைவில்
இரண்டுதான் இருந்தது.

துளசிராம் இறங்கி நிற்கிறான்.
பத்தடி பின்னால் கிடக்கிறது செயின்.
லாக் தெறித்துவிட்டது.
சுண்டுவிரல் நகமளவு தகடு.
அதைத் தேடி நான்கு பேர்
ஒரு மலைமேல் மண்டியிட்டோம்.

"உசிலம்பட்டியிலயே பாருன்னு சொன்னேனா இல்லையா?"
"நீ வடையைப் பாத்த சிக்கந்தர்,
செயினைப் பாக்கல."

டார்ச்சில் மின்னியதெல்லாம் மைக்காத் துகள்.
ஒருமுறை சிகரெட் அட்டையின் ஜரிகைத்தாள்.
ஒருமுறை இரண்டு சிவப்பு மணிகள்.
பக்கிக்குருவி.
கடைசி நொடிவரை கல்லாக இருந்துவிட்டு
கைக்கெட்டும் தூரத்தில் எழுந்து பறந்தது.
துளசிராம் சௌராஷ்டிரத்தில் ஏதோ சொன்னான்.
அவனுக்குக் கோபம் வந்தால்தான்
எங்களுக்கு அந்த மொழி கேட்கக் கிடைக்கும்.

உச்சிக்கு இன்னும் இரண்டு வளைவு.
எங்கள் வண்டிகளை மேலே நிறுத்திவிட்டு
நடந்து இறங்கி வந்து அதைத் தள்ளினோம்.
நூறு சிசி என்று யார் சொன்னது,
ஏற்றத்தில் எல்லா வண்டியும் எருமை.
பிலோமினா எண்ணிக்கொண்டே தள்ளினாள்,
ஸ்ட்ரெச்சர் தள்ளும் பழக்கம்.
ஒண்ணு ரெண்டு மூணு, மூச்சு.
ஒண்ணு ரெண்டு மூணு, மூச்சு.
சிக்கந்தர் பேசாமல் தள்ளினான்.
அதுதான் மன்னிப்பு என்று வைத்துக்கொண்டோம்.

உச்சியில் காற்று.
அந்தப் பக்கம் கீழே மயிலாடும்பாறை,
ஒரு கைப்பிடி விளக்கு.
இனி இறக்கம்தான், செயின் வேண்டாம்.
நியூட்ரலில் ஓடும் இன்ஜினுக்கு
அவன் ஹெட்லைட் மின்மினி அளவுதான் தந்தது.
பெட்ரோலாவது மிஞ்சட்டும் என்று
அதையும் அணைத்தான்.
முன்னால் பிலோமினாவின் வெளிச்சம்,
பின்னால் எங்கள் இருவருடையது,
நடுவில் தன் நிழலையே துரத்திக்கொண்டு அவன்.

இரண்டாவது வளைவில்
பிலோமினாவின் இன்ஜின் நின்றது.
கெட்டுவிட்டதோ என்று பயந்தேன்.
விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது,
வண்டி போய்க்கொண்டுதான் இருந்தது.
பிறகு சிக்கந்தர்,
தெருவுக்கே கேட்கவென்று சைலன்சர் மாற்றியவன்,
கில் சுவிட்சைத் தட்டினான்.
பிறகு நான்.

காலையிலிருந்து காதில் தொங்கிய ஒன்று
கழன்று விழுந்தது.

டயருக்கடியில் கல் நகர்கிறது.
சருகில் கனமான எதுவோ
நின்று, கேட்டு,
மறுபடி மேய்கிறது.
ஈர மணம். அப்புறம் இல்லை. அப்புறம் மறுபடி.
எங்கள் மூவரின் செயினும்
சக்கரத்தோடு சுற்றிக் கிறுகிறுத்தது.
அவனிடம் அதுவும் இல்லை.
நான்கில் சத்தமே இல்லாமல் போனது
ஓடாத வண்டிதான்.

சிக்கந்தர் ஒரே ஒருமுறை தும்மினான்.
மலை அதைத் திருப்பித் தந்தது.

சமதளம் வந்ததும்
ஒவ்வொன்றாய் வேகம் குறைந்து நின்றோம்.
துளசிராம் நிற்கவில்லை.
எங்களைத் தாண்டி, வெளிச்சத்தைத் தாண்டி,
இருபதடி கூடுதலாய் இருட்டுக்குள் போனான்.
"என்ன, வரலியா?" என்றது அங்கிருந்து குரல்.

மெக்கானிக் கடை திறக்க எட்டு மணி ஆகும்.
தலையணை ஒன்று.
ஆள் நான்கு.